கூடத்துக் கேமராவுக்கு யார் சொந்தக்காரர்?

2025 பிப்ரவரியில், ராஜ்கோட் நகரின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் உலவுவது வெளியே தெரிந்தது. படத்தில் இருந்தவர்கள் பரிசோதனைக்குப் படுத்திருந்த பெண்கள், ஊசி போட்டுக்கொள்ள வந்த பெண்கள். மேலே மாட்டியிருந்த கேமரா ஊரெங்கும் படம் காட்டிக்கொண்டிருப்பதை அவர்கள் யாரும் அறியவில்லை. குஜராத் காவல்துறை விசாரிக்கத் தொடங்கியதும் விஷயம் அந்த ஒரு மருத்துவமனையோடு நிற்கவில்லை. பல மாநிலங்களில் இருந்த கேமராக்களிலிருந்து காட்சிகளைத் திருடிக் காசுக்கு விற்றிருந்தார்கள். நுழைந்தவர்களுக்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. 'அட்மின்123' போல, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லைப் பல இடங்களில் யாரும் மாற்றியிருக்கவில்லை.

அந்த நாட்களில் எல்லாரும் சொன்ன அறிவுரை ஒன்றே: கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை ஒரு முறை ஒழுங்காக எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் இது: உண்மையில் நடந்த ஒவ்வொரு கசிவையும் எடுத்துக்கொள்வது, அந்த வீட்டார் இந்த அறிவுரையை முழுக்கப் பின்பற்றியிருந்தால் படத்தில் இருந்தவர் தப்பித்திருப்பாரா என்று கேட்பது. கேமராவை வாங்கியவர் தப்பித்தாரா என்று கேட்கவில்லை. கேமராவை வாங்குபவர் ஒருவர், அதன் முன்னால் நாள் முழுக்க நடமாடுபவர் பெரும்பாலும் வேறொருவர்.

முதலில் அறிவுரைக்குச் சாதகமான பக்கம். வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவது பழைய வழக்கம். திறந்த போர்ட் என்பது தெருவைப் பார்த்த கதவு. 2009இல் வந்த ஷோடான் என்ற தேடுபொறி இப்படிப்பட்ட கதவுகளைத்தான் உலகம் முழுக்கத் தேடிப் பட்டியல் போடுகிறது. 2014இல் இன்செகாம் என்ற தளம் சுமார் 73,000 கேமராக்களின் நேரடிக் காட்சிகளை நாடு வாரியாக வரிசைப்படுத்திக் காட்டியது. அதற்கு எந்தப் பூட்டும் உடைபடவில்லை. கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லே போதுமானதாக இருந்தது. தென்கொரியாவில் 2025 நவம்பர் இறுதியில் காவல்துறை நால்வரைக் கைது செய்ததாக அறிவித்தது. அவர்கள் கைவைத்ததாகச் சொல்லப்பட்டவை சுமார் 1,20,000 கேமராக்கள். அங்கும் காவல்துறை சுட்டிக்காட்டியது எளிய கடவுச்சொற்களைத்தான். இவற்றிலெல்லாம் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் பெரும்பாலோர் தப்பித்திருப்பார்கள். இந்த இடத்தில் அறிவுரை தேர்ச்சி பெறுகிறது.

அடுத்து டிரெண்ட்நெட். அமெரிக்க நிறுவனமான அது வீட்டுக் கேமராக்களை 'பாதுகாப்பானவை' என்று சொல்லி விற்றது. 2012 ஜனவரியில் அதன் சுமார் 700 கேமராக்களின் நேரடிக் காட்சிகள் இணையத்தில் வெளியாயின. தூங்கும் குழந்தைகளும் அன்றாட வேலையில் இருந்த பெரியவர்களும் அவற்றில் இருந்தார்கள். அந்த வீட்டார் கடவுச்சொல் போட்டிருந்தாலும் பயன் இல்லை. 'கடவுச்சொல் இல்லாமல் யாரும் பார்க்கக் கூடாது' என்று அவர்கள் தேர்ந்தெடுத்த அமைப்பையே மென்பொருள் மதிக்கவில்லை. அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2013 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. இணையத்தோடு இணைந்த வீட்டுப் பொருள் ஒன்றின் மீது அது எடுத்த முதல் நடவடிக்கை அது.

2016இல் மிராய் என்ற தீநிரல் 60க்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அவற்றில் சிலவற்றின் உள் கடவுச்சொல்லைச் சாதனத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். வாங்கியவர் திரையில் என்னதான் மாற்றினாலும் அந்த உள்சாவி மாறாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் வெளியான ஓட்டை இன்னும் கடுமையானது. கேமராவின் இணையப் பக்கத்தை எட்ட முடிந்தால் போதும். பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், கருவி முழுவதும் கைக்கு வந்துவிடும். நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் சுவரில் மாட்டியபின் கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்த வீடு எத்தனை என்பதை அவரவர் தெருவில் விசாரித்தாலே தெரியும். ஆகவே இன்னொரு அறிவுரையையும் சேர்த்தாக வேண்டும்: கேமரா வெளி இணையத்துக்கு நேராகத் தெரியவே கூடாது. ரூட்டரில் போர்ட்டை மூட வேண்டும், கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள வழிவிடும் யூபிஎன்பி வசதியை அணைக்க வேண்டும். என் பார்வையில் இது கடவுச்சொல்லைவிட முக்கியமானது. கடவுச்சொல் ஒரே ஒரு பூட்டு. கதவே தெருவுக்குத் தெரியாவிட்டால் பூட்டின் பலம் அடுத்த கேள்விதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு திருப்பம் உண்டு. இங்கே பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதனால் போர்ட் திறப்பதே பல வீடுகளில் நடக்காது. தற்செயலாகக் கிடைத்த மறைப்பு இது. ஆனால் வெளியூரில் இருக்கும் மகன் பார்த்தாக வேண்டுமே? அதற்காகப் பெருவழக்காகிவிட்டது பி2பி முறை. டிவிஆரின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஆப்பில் காட்டினால் படம் வந்துவிடும். உள்ளே நடப்பது இதுதான்: கருவி எப்போதும் தன் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, 'என் எண் இது, நான் இங்கே இருக்கிறேன்' என்று. உங்கள் போனும் அதே சர்வரிடம் அந்த எண்ணைச் சொல்கிறது. சர்வர் இருவரையும் சேர்த்துவைக்கிறது. கதவைத் தெருவுக்குத் திறக்காமல், நடுவில் ஒரு தரகரை வைத்துக்கொண்டோம் என்று பொருள்.

அந்தத் தரகர் நம்பத் தகுந்தவரா? 2019இல் ஐலிங்க்பி2பி என்ற மென்பொருளைப் பயன்படுத்திய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் எண்களைக் கணக்குப்போட்டே ஊகித்துவிடலாம் என்று ஓர் ஆய்வாளர் காட்டினார். 2021 ஆகஸ்டில் மாண்டியன்ட் நிறுவனம் த்ரூடெக் என்ற தைவான் நிறுவனத்தின் கலாய் மென்பொருளில் ஓர் ஓட்டையை வெளியிட்டது. அந்தத் தளத்தில் இயங்கியவை 8.3 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் என்பது த்ரூடெக் தானே சொன்ன கணக்கு. கருவியின் எண் தெரிந்தவர் அந்தக் கருவியாகவே தன்னைப் பதிந்துகொண்டு, உரிமையாளர் நுழையும்போது அவருடைய கடவுச்சொல்லையே வாங்கிக்கொள்ளலாம். கடையில் விற்கும் பெட்டியின் மேல் இந்த மென்பொருளின் பெயர் இருக்காது. பல கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. தன் வீட்டுத் தரகர் யார் என்று வாங்குபவருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

இனி மேகச் சேமிப்புக் கேமராக்கள். இவற்றில் டிவிஆர் இல்லை, படத்தைக் கொண்டுபோகும் ஒயர் இல்லை; வைஃபையில் இணைத்தால் படம் நிறுவனத்தின் சர்வரில் சேர்ந்துவிடும். 2019 டிசம்பரில் மிசிசிப்பியில் எட்டு வயதுப் பெண் குழந்தையின் அறையில் இருந்த ரிங் கேமராவுக்குள் ஒருவன் புகுந்தான். தன்னைக் கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லி அந்தக் குழந்தையோடு பேசினான். கேமராவை மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்து ரிங் ஊடுருவல்களுக்குப் பெரும்பாலும் வழிவிட்டது, வேறு தளங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப்பார்க்கும் உத்தி. 2019 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை சுமார் 55,000 அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகள் இப்படிப் பாதிக்கப்பட்டதாக எஃப்டிசி பின்னர் சொன்னது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கடவுச்சொல், அதோடு போனுக்கு வரும் இரண்டாம் அடையாளக் குறியீடு: இந்த இரண்டும் அந்த வாசலை அடைத்திருக்கும். 2020 பிப்ரவரியில் ரிங் இரண்டாம் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே கட்டாயமாக்காதது நிறுவனத்தின் குற்றம், அந்தக் குழந்தையின் பெற்றோருடைய குற்றம் அல்ல.

ஆனால் அதே எஃப்டிசி 2023 மே மாதம் ரிங் மீது தொடுத்த வழக்கில் இன்னொரு பகுதி உண்டு. என் தீர்ப்பை மாற்றியது அதுதான். 2017இல் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறைக் கேமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லா ஊழியருக்கும், உக்ரைனில் இருந்த நூற்றுக்கணக்கான ஒப்பந்தப் பணியாளருக்கும் வாடிக்கையாளர் வீடியோக்கள் முழுவதும் எட்டும் தூரத்தில் இருந்தன என்று வழக்கு சொல்கிறது. ரிங் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் எவ்வளவு நீளக் கடவுச்சொல் வைத்திருந்தால் தப்பித்திருப்பார்கள்? எதுவும் உதவியிருக்காது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

2024 பிப்ரவரியில் வைஸ் கேமராக்கள் சேவைத் தடங்கலுக்குப் பின் மீண்டும் எழுந்தபோது, சுமார் 13,000 பேரின் ஆப்பில் அடுத்தவர் வீட்டுப் படங்கள் வந்து நின்றன. 1,504 பேர் அவற்றைத் தொட்டுத் திறந்தார்கள். யாரும் திருடவில்லை, எந்தக் கடவுச்சொல்லும் கசியவில்லை. சர்வரில் எந்தக் கேமரா யாருடையது என்ற கணக்கு குழம்பியது, அவ்வளவே. 'படம் உங்கள் வீட்டைத் தாண்டாது' என்று வாக்குக் கொடுத்து விற்ற யூஃபியின் கேமராக்கள், முகம் தெரியும் சிறு படங்களை மேகத்துக்கு அனுப்பியதை 2022 நவம்பரில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். முதலில் மறுத்த தாய் நிறுவனம் ஆங்கர், தன் கேமராக் காட்சிகள் எப்போதும் முழுமையாகக் குறியாக்கத்தில் இல்லை என்பதைச் சுமார் இரண்டு மாதங்கள் கழித்து ஒப்புக்கொண்டது.

இந்த வகைக்குச் சரியான மருந்து ஒன்று உண்டு. படத்தை வீட்டிலேயே பூட்டி, சாவியை உங்கள் போனில் மட்டும் வைக்கும் முழுவழிக் குறியாக்கம். அது இருந்தால் நிறுவனத்தின் ஊழியர் பார்க்க முடியாது. சர்வர் குழம்பினாலும் அடுத்தவர் கைக்குப் போவது திறக்க முடியாத பெட்டிதான். ஆப்பிளின் ஹோம்கிட் முறையில் அது தொடக்கத்திலிருந்தே இயல்பாக இருக்கிறது. ரிங் 2021இல் அதைக் கொண்டுவந்தது. ஆனால் பயனர் தேடிப்போய் இயக்க வேண்டும், இயக்கினால் வேறு சில வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். நம் கடைகளில் விற்கும் மலிவான வைஃபை கேமராவின் பெட்டியில் 'குறியாக்கம்' என்று அச்சிட்டிருந்தால், சாவி யாரிடம் என்று கேளுங்கள். விற்பவருக்கே விடை தெரியாவிட்டால், சாவி நிறுவனத்திடம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் தூரத்து ஆட்கள். கேமரா மாட்டியவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் ஏடிடி என்ற பெரிய பாதுகாப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், கேமரா பொருத்தப் போன வீடுகளின் கணக்குகளில் தன் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொண்டார். யாராவது கேட்டால், சோதனைக்காகத் தற்காலிகமாகச் சேர்ப்பதாகச் சொல்வார். நாலரை ஆண்டுகளில் சுமார் 200 வீடுகளை 9,600 முறைக்கு மேல் பார்த்ததாக 2021 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதைப் படித்த அடுத்த மாதம் மன்னார்குடிக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தைக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் இரண்டு வருடம் முன்பு கூடத்தில் ஒன்றும் வாசலில் இரண்டும் கேமரா போடச் சொன்னார். அவருடைய கவலை நியாயமானது. "ராத்திரி வழுக்கி விழுந்து கிடந்தா எனக்கு எப்படிடா தெரியும்?" என்று என்னிடமே பல முறை கேட்டிருக்கிறார். நான் ஆப்பைத் திறந்து, கருவி யார் யாரோடு பகிரப்பட்டிருக்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனேன். அங்கே எதிர்பாராத ஒன்று இருந்தது. அத்தானின் கணக்கு 'பகிரப்பட்டவர்' பட்டியலில் இருந்தது. அத்தையின் போனும் அப்படியே. கருவியின் உரிமையாளர் என்று பதிவாகியிருந்தது கேமரா மாட்டியவரின் கைபேசி எண்.

அவரைக் கூப்பிட்டேன். தயங்காமல் சொன்னார்: "ஆமா சார், எல்லா வீட்லயும் அப்படித்தான் போடுறது. பாஸ்வேர்டு மறந்துட்டா திரும்பவும் நேர்ல வரணும்ல, அதுக்காகத்தான்." அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நள்ளிரவில் கூப்பிடும் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு பிழைப்பவர் அவர். ஆனால் அவர் போனில் எத்தனை வீட்டுக் கூடங்கள் இருக்கின்றன? அந்தப் போன் தொலைந்தால்? கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் கையில் கிடைத்தால்? டிவிஆரின் மூடியில் மார்க்கரால் எழுதியிருந்த கடவுச்சொல் அவருடைய கடையின் பெயரும் 123உம். அந்தக் கடை மாட்டிய எல்லா வீட்டுக்கும் அதுவே கடவுச்சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை அப்போதுதான் சொன்னார்: "கட்டிலுக்கு நேராத்தான் அது இருக்கு. நான் புடவை மாத்தச் சமையக்கட்டுக்குத்தான் போறது." இரண்டு வருடமாக, தன் சொந்த வீட்டில்.

சட்டம் என்ன செய்கிறது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்கக் கூடாது. எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்றும் விற்பவர் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் அரசு ஏற்ற ஆய்வுக்கூடங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். இது உண்மையான முன்னேற்றம். புதிதாக வாங்குபவர் அந்தச் சான்று பெற்ற மாடல்தானா என்று கேட்டே வாங்க வேண்டும். ஆனால் சான்று பெட்டியைத்தான் பார்க்கிறது. ஏற்கெனவே சுவரில் இருக்கும் பழைய கேமராக்களையும், மூடியில் எழுதிய கடவுச்சொல்லையும், உரிமையாளர் இடத்தில் இருக்கும் கடைக்காரர் எண்ணையும் அது பார்க்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ மூன்றாண்டுவரை சிறை என்கிறது. அத்தை கூடத்தில் உட்கார்ந்திருப்பதை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பிரிவுக்குள் வராது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனிமனிதர் தம் வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. வீட்டுக்குள் கேமராவின் முன் வேலை செய்யும் பெண்ணுக்கு, கேமரா வைத்த வீட்டார் மீது முறையிட அந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கேமரா பயன்படுகிறது. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னது வீண் வேலை அல்ல. சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் தெருக்கேமராப் பதிவுகள் துப்புக் கொடுத்திருக்கின்றன. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வாசலில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறக்க முடிவது சாதாரண உதவி அல்ல. அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது முழுக்க முழுக்க வாசல் கேமராவுக்கான வாதம். வீட்டுக்குள் இருக்கும் கேமராவுக்கு அதைக் கடன் வாங்க முடியாது. திருடன் வந்தால் அவன் முகம் வாசலிலேயே பதிந்துவிடும். உள்ளே இருக்கும் கேமரா மிச்ச நாளெல்லாம் பதிவுசெய்வது வீட்டு மனிதர்களைத்தான். விழுந்தால் தெரிய வேண்டும் என்பதற்குக் கழுத்தில் தொங்கும் அவசர பட்டன் இருக்கிறது, காலையும் இரவும் ஒரு போன் இருக்கிறது, பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பு இது. படுக்கையறை, குளியலறைப் பக்கம், பெண்கள் உடை மாற்றும் இடம், சிகிச்சை அறை ஆகியவற்றில் இணையத்தோடு இணைந்த கேமராவுக்கு எந்த நிபந்தனையின் பேரிலும் இடம் இல்லை. நான் பார்த்த வழக்குகளில் ஊழியர், சர்வர், மாட்டியவர் ஆகிய மூன்று வாசல்களையும் கடவுச்சொல் அடைக்கவில்லை. அங்கே தோற்றால் இழப்பது திரும்பக் கிடைக்காது. கூடத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும், வேலைக்கு வருபவரும், சரி என்று சொல்ல வேண்டும். முழுவழிக் குறியாக்கம் வேண்டும், ஆள் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். வாசலுக்கும் கொல்லைக்கும் கேமரா தேர்ச்சி பெறுகிறது: பதிவு வீட்டிலேயே ஹார்ட் டிஸ்கில் இருந்தால், போர்ட் மூடியிருந்தால், உரிமையாளர் கணக்கு வீட்டாருடையதாக இருந்தால். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டியவர்கள், விபரம் தெரிந்த ஒருவரை வைத்து வீட்டு ரூட்டரில் விபிஎன் என்ற மறைவழி இணைப்பைப் போட்டுக்கொள்வது பி2பியைவிட நல்லது. முடியாவிட்டால் பி2பியை அணைத்துவைத்து, வீட்டார் ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் இயக்கலாம். கடவுச்சொல்லை மாற்றுவது இவற்றுக்கெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

மாட்டியவர் மறுநாளே வந்து கருவியைத் தன் கணக்கிலிருந்து விடுவித்துக் கொடுத்தார். அதன்பின்தான் ஆப்பில் அத்தானின் பெயர் உரிமையாளராக வந்தது. கூடத்துக் கேமராவைக் கழற்றிக் கொல்லைக் கதவுக்கு மேல் மாட்டச் சொன்னோம். அத்தானுக்கு முழுச் சம்மதம் இல்லை. தினம் இரண்டு வேளை போன் என்ற ஏற்பாட்டில் ஒப்புக்கொண்டார். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் கேமராவுக்கு அத்தையின் திண்ணை முழுக்கத் தெரிகிறது. அதை மாட்டியதும் அதே கடைதான். அதன் உரிமையாளர் கணக்கு யார் எண்ணில் இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது எதிர்வீட்டாரிடம் கேட்க வேண்டும்.